மூணு கியர் போன ஏஜி ஃபோர் மெஷின்

இந்த வாரம் கோடிங் கிடையாது, கிரீஸ்தான்.

தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன், வடக்கனந்தலுக்கு. கல்வராயன் மலை அடிவாரம், கோமுகி அணைப் பக்கம். அங்கதான் மாமாவோட வெல்டிங் பட்டறை. பக்கத்துல கச்சிராயபாளையத்துல கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்குறதால, கரும்பு வெட்டுற நேரத்துல பட்டறை வாசல்ல டிராக்டர் டிரெய்லரா நிக்கும். கொக்கி விட்டுப்போனது, தகடு கிழிஞ்சது எல்லாத்தையும் அன்னைக்கே முடிச்சுக் கொடுக்கணும். வெட்டின கரும்பு வயல்ல காய்ஞ்சா எடை குறையும். அந்த நஷ்டம் விவசாயிக்கு.

அந்த நேரம் பார்த்து ஏஜி ஃபோர் படுத்துருச்சு. பட்டறைப் பக்கம் போகாதவங்களுக்கு: 4 இன்ச் தட்டு மாட்டி இரும்பை அறுக்குற, வெல்டிங்கைத் தேய்க்குற கை மெஷின். ஸ்விட்ச் போட்டா மோட்டார் அலறுது, தட்டு மட்டும் சும்மா நிக்குது.

"கியர் போச்சுடா. ரெண்டு மாசத்துல இது மூணாவது"ன்னார் மாமா. கடையில புதுசு வாங்கிக்கச் சொல்லிட்டாங்களாம்.

ஒரே பிழை மூணு தடவை திரும்ப வந்தா, நாம திருத்தினது பிழையையே இல்லன்னு அர்த்தம். இது என் ஆபீஸ் வேலையில நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது. அதனால, ஒரு மணி நேரம் கொடுங்க மாமான்னு கேட்டு உக்காந்தேன்.

ப்ளக்கைப் பிடுங்கிட்டு முன்பக்கம் இருக்குற நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா, தட்டு மாட்டுற தண்டோட பெரிய கியர் கையில வந்துரும். அதுக்கு கிரவுன்னு பேரு. உள்ள மோட்டார் தண்டோட நுனியில சின்ன கியர், பினியன், நீட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டும் 90 டிகிரியில கடிக்கும். இந்த மெஷின்ல பினியனுக்கு 11 பல், கிரவுனுக்கு 37. தட்டு நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தணும்னா மோட்டார் 37,000 சுத்தணும். அந்த வேகத்துல ஒரு பல் அரைகுறையா கடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

கிரவுனைக் கழட்டியாச்சுன்னா மெஷின் ரெண்டு பாதி. மோட்டார் தனி, கியர் தனி. ஒவ்வொண்ணையும் தனியா சோதிக்கலாம்.

இங்க நான் ஒரு தப்பு பண்ணேன். முன்னாடி ஓட்டிப் பார்த்தப்போ பின்பக்கத் துளையில நீல நெருப்பு தெரிஞ்சுது. ஆர்மேச்சர் அவுட்டுன்னு பெரிய மனுஷன் மாதிரி தீர்ப்பு சொல்லிட்டேன். மாமா பதில் பேசாம 100 வாட் குண்டு பல்பை எடுத்து மெஷினோட சீரிஸ்ல போட்டார். மோட்டார்ல ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், தண்டு திக்கித் திணறும். எங்களுக்குப் பல்பு ஒரு தடவை பளிச்சுன்னு எரிஞ்சு மங்கிருச்சு, மோட்டார் மெதுவா, சீரா சுத்துச்சு. மோட்டார் நல்லாத்தான் இருக்கு. போன வாரம்தான் புது கார்பன் போட்டாராம். அது தேஞ்சு உக்கார்ற வரைக்கும் கொஞ்சம் பொறி பறக்கும். முதல்லயே கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

அப்போ கியர். உடைஞ்ச மூணு கிரவுனையும் மாமா ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருந்தார். அதைத் தூக்கிப் போடாம வெச்சிருந்ததுதான் எங்களுக்கு லாபம். மூணுலயும் பல்லோட வெளி ஓரம் மட்டும் நொறுங்கியிருக்கு, உள்பக்கம் புதுசா மின்னுது. கியர் தரம் மோசம்னா மூணும் ஒரே இடத்துல உடையாது. பினியன் தன் இடத்துல நிக்கல, ஓரத்துல மட்டும் கடிக்குது.

கனடாவுல இருக்குற ஒரு லிசனர் தன்னோட எலெக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கி கத்துதுன்னு கேட்டிருந்தார். அதுக்குள்ளயும் இதே அமைப்புதான். கைப்பிடிக்குள்ள மோட்டார், நுனியில பினியன், குறுக்கே ஒரு பெவல் கியர். பல மாடல்கள்ல கைப்பிடி அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினா மோட்டார் ஏறி இறங்கும். கடி சரியில்லாம கத்தினா முதல்ல அதைத்தான் பாருங்க. ஏஜி ஃபோர்ல அந்த ஸ்க்ரூ கிடையாது. பினியன் எங்க நிக்கணும்னு முடிவு பண்றது முன்பக்க பேரிங்.

பினியனை ரெண்டு விரல்ல பிடிச்சு ஆட்டினேன். கடக், கடக். நல்ல பேரிங்னா துளிகூட ஆடக் கூடாது.

மாமாவுக்கு அப்பவும் நம்பிக்கை வரல. பழைய ஃபிட்டருங்க செந்தூரம் தடவி கடி பார்ப்பாங்களாம். பட்டறையில இருந்தது சாமி படத்துக்கு முன்னாடி இருந்த குங்குமம்தான். எண்ணெயில குழைச்சு பினியன்ல தடவி, கையில வெச்சிருந்த புது கிரவுனை மாட்டி, கையாலயே சுத்திட்டுத் திறந்தோம். வெளி ஓரத்துல மட்டும் சிவப்பு. "அட"ன்னார்.

பேரிங் நம்பர் 629, அதாவது உள் துளை 9 மில்லி. கள்ளக்குறிச்சியில மோட்டார் காயில் கட்டுற கடையில நூறு ரூபாய்க்குள்ள கிடைச்சுது. பினியனையும் மாத்தினோம். மாமா இதுவரைக்கும் கிரவுனை மட்டுமே மாத்திட்டு வந்திருக்கார். தேஞ்ச பினியன் புது கிரவுனையும் தேய்ச்சுரும், ஜோடியாத்தான் போடணும். குங்குமத்தை சுத்தமா துடைச்சு, கிரீஸைப் பாதி அளவுக்கு மட்டும் வெச்சோம். பொங்கப் பொங்க வெச்சா சூடாகி மோட்டார் பக்கம் வழியும்.

பேரிங் ஏன் போச்சுங்கிறது தரையைப் பார்த்தாலே தெரிஞ்சுது. வேலை முடிஞ்சதும் மெஷினை இரும்புத் தூள் மேலயே வைக்கிறாங்க. அடுத்த தடவை ஸ்விட்ச் போட்டதும் உள்ள இருக்குற ஃபேன் அதை அப்படியே இழுத்துக்குது. இதுக்கு ஒரு ஆணி அடிச்சாப் போதும்.

ஓட்டிப் பார்க்குறதுக்கு முன்னாடி இன்னொரு சண்டை. இடுக்குல கை போகலன்னு பட்டறைத் தம்பி கார்டைக் கழட்டி வெச்சிருந்தான். 11,000 சுத்துல 4 இன்ச் தட்டோட விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல போகுது, தட்டு உடைஞ்சா துண்டும் அதே வேகத்துலதான் வரும். கார்டு இல்லாம ப்ளக் போட மாட்டேன்னு உக்காந்துட்டேன். அரை மணி நேரம் தேடி, பெயிண்ட் டப்பாவுக்குள்ள கண்டுபிடிச்சான்.

மாட்டி ஓட்டினோம். அலறல் போய் ஒரே சீரான ரீங்காரம். சாயங்காலம் டிரெய்லர் ஆலைக்குக் கிளம்பிருச்சு.

நேத்து போன்ல கேட்டேன், மெஷின் ஆணியில தொங்குதாம். "கார்டு இருக்கா மாமா?" "இருக்குடா"ன்னார். போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன், இன்னும் வரல.