சென்னை இதழில் வந்த சூரிய அடுப்பு!



விண்கலம், இயந்திர மனிதன், வேற்றுக்கிரகவாசி... இப்படிப்பட்ட கதைகள் என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசைதானே? ஆங்கிலத்தில் இந்தக் கதைகளுக்கென்றே தனி மாத இதழ் முதன்முதலில் எப்போது வந்தது, தெரியுமா?

1926 ஏப்ரலில், நியூயார்க் நகரில்! பெயர் 'அமேசிங் ஸ்டோரீஸ்'. 'வியப்பூட்டும் கதைகள்' என்று பொருள். தொடங்கியவர், லக்ஸம்பர்க் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஹியூகோ கெர்ன்ஸ்பேக். விலை 25 சென்ட். முதல் இதழின் அட்டையில் வளையத்தோடு கூடிய சனிக் கோள் பிரமாண்டமாக நிற்கும். கீழே மனிதர்கள் பனிக்கட்டியில் சறுக்கி விளையாடுவார்கள்! உள்ளே ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி.வெல்ஸ், எட்கர் ஆலன் போ போன்றோரின் கதைகள். அத்தனையும் முன்பே வேறு இடங்களில் வெளியானவை. புதிய எழுத்தாளர்கள் பிறகுதான் வந்தார்கள்.

அந்தக் காலக் கதை இதழ்களை 'பல்ப்' இதழ்கள் என்பார்கள். எரிகிற பல்பு அல்ல! பல்ப் என்றால் மரக்கூழ். நம் ஊரில் 'சாணிப் பேப்பர்' என்போமே, அதுபோன்ற மலிவுத் தாள். சில ஆண்டுகளில் பழுப்பேறி, தொட்டால் அப்பளம் போல நொறுங்கும்.

21 ஆண்டுகள் முன்பே!

'அமேசிங் ஸ்டோரீஸ்' வருவதற்கு 21 ஆண்டுகள் முன்பே, நம் சென்னை இதழ் ஒன்றில் அருமையான அறிவியல் கதை வந்துவிட்டது! கமலா சத்தியநாதன் என்ற பெண்மணி 1901-ல் தொடங்கிய ஆங்கில இதழ் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்'. அதில் 1905-ல் வெளியான கதை 'சுல்தானாவின் கனவு'.

எழுதியவர் ரொகேயா சகாவத் ஹுசைன். இன்றைய வங்காள தேசத்தில் 1880-ல் பிறந்தவர். அவர் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடம் போக முடியாது. எல்லோரும் தூங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அண்ணன் ரகசியமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்!

கதை என்ன?

சுல்தானா கனவில் ஒரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே ஆட்சி பெண்கள் கையில்! வீட்டுக்குள் இருந்து சமைப்பதும் குழந்தைகளைப் பார்ப்பதும் ஆண்கள். சமையலறையில் புகை இல்லை, கரி இல்லை. சூரிய வெப்பத்திலேயே சமையல் நடக்கிறது. குழாய்கள் பொருத்திய பெரிய பலூன், மேகத்திலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. மின்சாரச் சிறகுள்ள வண்டி வானில் பறக்கிறது. ரைட் சகோதரர்களின் விமானமே 1903 டிசம்பரில்தான் முதன்முதலாகப் பறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்!

பலூனையும் சூரிய வெப்பக் கருவியையும் கண்டுபிடித்தவை பெண்களின் பல்கலைக்கழகங்கள். படைவீரர்கள் முதலில் கேலி செய்தார்கள். எதிரி படையெடுத்து வந்தான். வீரர்கள் தோற்றார்கள். அப்போது 2,000 மாணவிகள் போர்க்களம் சென்று, சூரிய வெப்பத்தை எதிரிகள் மீது திருப்பினார்கள். எதிரிப் படை ஓட்டம் பிடித்தது!

கதையோடு நிற்கவில்லை

ரொகேயா 1911-ல் கல்கத்தாவில் 8 மாணவிகளோடு பெண்கள் பள்ளி தொடங்கினார். வீடு வீடாகப் போய், "பெண்ணைப் படிக்க அனுப்புங்கள்" என்று கேட்டார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

நானும் வடசென்னையில் அப்படி வீடு வீடாகப் போனவன்தான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள். தேடிப் போனால், "எட்டாவது போதும் சார். தம்பியப் பாத்துக்க ஆள் இல்ல" என்பார்கள். சிலரைப் பேசி அழைத்து வந்தேன். சில வீடுகளில் தோற்றுத் திரும்பினேன். அப்படித் திரும்பி வராத ஒருத்தி, கரும்பலகையில் நான் போட்ட கணக்கிலேயே பிழை கண்டுபிடித்தவள்! இன்றும் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் முறை!

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரியில் ஓடியது. கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்ததை உங்கள் தாத்தா, பாட்டி சொல்லியிருப்பார்கள். 1905-ல் கனவாக இருந்த சூரிய சக்தி, இன்று மொட்டை மாடிகளில் தகடாக வந்துவிட்டது. அப்படியானால் நாளைய எண்ணூர் எப்படி இருக்கும்? சாம்பலை அள்ளும் இயந்திரமா? இறாலும் மீனும் மீண்டும் நிறையும் ஆறா?

ஒரு நோட்டை எடுத்துக் கதையாக எழுதுங்கள். சாணிப் பேப்பராக இருந்தாலும் பரவாயில்லை. எழுதியதை வீட்டில் சத்தமாகப் படியுங்கள். பக்கத்து வீட்டில் படிப்பை நிறுத்திய அக்கா யாராவது இருந்தால், அவரையும் மறக்காமல் கூப்பிடுங்கள்!