இரண்டு வருஷம் கழித்தும் அந்தச் சந்து அழைப்பது ஏன்?

"இரண்டு வருஷம் மறுவாழ்வு மையத்தில் இருந்தான், உடம்பு தேறி வந்தான். கிள்ளானில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பழைய கூட்டத்தோடு போய்விட்டானே! சூடு சொரணையே கிடையாதா?" பல வீடுகளில் தாய்மார்கள் கண்ணீரோடு கேட்கும் கேள்வி இது.

சொரணை அல்ல, மூளைதான் இங்கே விஷயம். ஹெராயின் உள்ளே போனதும் மூளையில் டோப்பமின் என்ற இரசாயனம் பெருகுகிறது. அப்போது கண்ணில் பட்டதெல்லாம், அலுமினியத் தாள், லைட்டர், பின்சந்து, நண்பனின் முகம், சம்பள நாள்கூட, அந்தச் சுகத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. நாசி லெமாக் வாசனைக்கு நாக்கில் நீர் ஊறுவதில்லையா? அதைப்போல, பிறகு அடையாளத்தைக் கண்டாலே ஏக்கம் கிளம்பிவிடும்.

அதற்குக் கடிவாளம் போடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. நீண்ட காலம் இப்பழக்கத்தில் இருந்தவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், ஆசையையும் அச்சத்தையும் ஆளும் பகுதிகளுக்கும் மற்ற பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்திருப்பது தெரிந்தது. கடிவாளம் இருக்கிறது, வார்தான் நைந்துபோயிருக்கிறது.

மையத்தின் சுவருக்குள் அந்த அடையாளங்கள் இல்லை. ஏக்கம் தூங்குகிறது, சாகவில்லை. விடுதலையானவர் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தாம் பழகிய அதே தெருவுக்குத்தானே திரும்புகிறார்!

கிள்ளான் பள்ளத்தாக்கில் 2012 முதல் 2014 வரை சேர்க்கப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. கட்டாய மையத்திலிருந்து வெளிவந்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் மீண்டும் பழக்கத்தில் விழுந்தனர். தாமே முன்வந்து மெத்தடோன் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் விழ 352 நாள் ஆனது.

மலேசியாவில் 2005இல் தொடங்கிய இந்த மெத்தடோன் சிகிச்சையை "ஒரு போதைக்கு இன்னொரு போதை" என்று ஏளனம் செய்வோர் உண்டு. இனிப்பு நீர் நோயாளி தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டால் அப்படிச் சொல்வோமா? ஹெராயின் போய் ஒட்டும் அதே இடத்தில் மெத்தடோன் மெதுவாக ஒட்டி, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நிற்கிறது. சரியான அளவில் கொடுத்தால் மயக்கம் ஏறாது, உடல் வலியும் நடுக்கமும் அடங்கும், ஏக்கமும் தணியும். அவர் வேலைக்குப் போகலாம்.

வீட்டார் அறிய வேண்டியது இன்னொன்று. நீண்ட நாள் விட்டிருந்தவரின் உடல், பழைய அளவைத் தாங்காது. வெளிவந்த முதல் வாரங்களில் அதே அளவை எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மந்தமாகி உதடு நீலம் பாய்ந்தால், திட்டிக்கொண்டு நிற்காமல் 999க்கு அழையுங்கள்.