பாறை சேர்ந்தால்தான் சிங்கம்

ஒரு சிலையை வேறு ஊருக்குக் கொண்டுபோய் வைத்தாலும் அது சிலைதான். இடஞ்சார் கலைக்கு அந்த வசதி இல்லை. நிற்கும் இடமும் அதன் மூலப்பொருள்களில் ஒன்று. நியூயோர்க் சதுக்கமொன்றின் குறுக்கே 1981இல் சிற்பி ரிச்சர்ட் செரா நிறுத்திய உருக்குச் சுவரை இடம் மாற்றலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அகற்றுவதும் அழிப்பதும் ஒன்றே என்று அவர் வாதாடினார். 1989இல் அது அகற்றப்பட்டது. இத்தகைய கலை மேற்கு நகரங்களில் நேற்றுத்தான் பிறந்தது என்பது பலருடைய எண்ணம். இலங்கையின் மாத்தளை மாவட்டத்துச் சிகிரியா அதை மறுக்கிறது.

5ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் காலத்துச் சிற்பிகள் அங்கே எழுப்பிய சிங்கத்தில் இன்று எஞ்சியிருப்பவை செங்கல்லும் சுதையுமான பாதங்கள் மட்டுமே. ஆனாலும் பார்ப்பவர் மனம் முழுச் சிங்கத்தையும் உருவாக்கிக்கொள்கிறது. பின்னால் நிற்கும் பெரும்பாறை அதற்கு உடலாகிவிடுகிறது. இதைவிட வலுவான சான்று கீழே உள்ள தோட்டங்களில் கிடைக்கிறது. சமதரையில் குளங்களும் பாதைகளும் நேர்கோட்டில், இருபுறமும் ஒத்த அளவில் அமைந்துள்ளன. உருண்டைப் பாறைகள் தொடங்கும் இடத்தில் அந்த ஒழுங்கு முடிந்துபோகிறது. பாதை வளைந்து, சாய்ந்து நிற்கும் இரு பாறைகளின் நடுவே நுழைகிறது. நிலம் மாறிய இடத்தில் கலைஞரும் தம் விதியை மாற்றியிருக்கிறார்கள். நிலமட்டத்தின் சரிவு தரும் அழுத்தத்தால் இயங்கிய நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகின்றன.

சிகிரியா அரண்மனையும் கோட்டையும் அல்லவா, கலை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். அது பௌத்த மடாலயமே என்று தொல்லியலாளர் ராஜா டி சில்வா வாதிட்டதும் உண்டு. பயன் எதுவானாலும், நிலத்தைக் கேட்டு வேலைசெய்த முறை கண்முன்னே இருக்கிறது.

1990களில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கண்டலமவில் அமைத்த ஹோட்டலும் இந்த வழிதான். சிகிரியாவின் அடிவாரத்தில் காட்டப்பட்ட இடத்தை மறுத்து, கண்டலமக் குளத்தைப் பார்த்த மலைச்சரிவை அவர் தேர்ந்தார். பாறை கட்டடத்துக்குள் நுழைகிறது. கூரையிலும் முகப்பிலும் செடிகொடிகள் படர்கின்றன. படிக்கட்டருகே கலைஞர் லக்கி சேனநாயக்கவின் பெரிய ஆந்தைச் சிற்பம் சிறகு விரிக்கிறது. ஆனால் கட்டும்போதே எதிர்ப்பு எழுந்தது: குளத்து நீர் மாசுபடும், தம்புள்ளை விகாரையின் புனிதம் குலையும் என்று துறவிகளும் சூழலியலாளரும் போராடினார்கள். இதைக் கலைக்குப் புறம்பான சத்தமென்று ஒதுக்குவது தவறு. இடம் என்றால் பாறையும் காட்சியும் மட்டுமல்ல. அந்த நீரில் வயல் செய்பவரும் அதில் அடக்கம். கட்டடம் காட்டுக்குள் மறைந்திருப்பது பாறைக்குச் சொன்ன பதில். குளத்தை நம்பியவர்கள் கேட்டதோ வேறு கேள்வி. அதற்குக் கொடிகள் பதிலாக முடியாது.