சித்தியோடு சண்டை, டைட்டானிக் விசாரணை... எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு முன்பு அங்கே நின்ற ஹோட்டலின் கதை!

நியூயார்க் போகிறவர்கள் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி ஒரு செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. அந்த 102 மாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில் அதற்கு முன்பு ஒரு ஹோட்டல் இருந்தது. சுமார் 1,000 அறைகளுடன், அன்றைக்கு உலகிலேயே பெரியது என்று பேசப்பட்ட வால்டார்ஃப் அஸ்டோரியா. அது பிறந்ததே ஒரு குடும்பச் சண்டையில்தான்!

ஆஸ்டர் குடும்பம் நியூயார்க்கின் பெரும் பணக்காரக் குடும்பம். அந்த நகரத்தின் மேல்தட்டு விருந்துகளுக்கு யாரை அழைப்பது, யாரை ஒதுக்குவது என்று முடிவு செய்தவர் கரோலின் ஆஸ்டர். 'திருமதி ஆஸ்டர்' என்று சொன்னாலே அவர்தான். 1890-ல் கரோலினுடைய கணவரின் அண்ணன் இறந்துபோனார். அண்ணன் மகன் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர், "மூத்த வழி நாங்கள்தான். இனி என் மனைவிதான் திருமதி ஆஸ்டர்" என்று நின்றார். சித்தி அசரவில்லை. நம்மூரில் பெரிய வீட்டு மருமகள் யார் என்று நடக்கும் போட்டிக்குச் சற்றும் குறைவில்லாத போட்டி அது.

வில்லியம் இங்கிலாந்துக்கே குடிபெயர்ந்துவிட்டார். ஆனால், சித்தி வீட்டை ஒட்டியிருந்த தன் அப்பாவின் வீட்டை இடித்து 13 மாடி ஹோட்டல் கட்ட வைத்தார். 1893 மார்ச்சில் 'வால்டார்ஃப்' திறக்கப்பட்டது. பக்கத்துச் சுவருக்கு அப்பால் இரவு பகலாக ஆள் நடமாட்டம் இருந்தால் எந்தச் சித்திதான் தாங்குவார்? கரோலின் வேறு பகுதிக்கு மாறினார். அவர் மகன் நான்காம் ஜான் ஜேக்கப் ஆஸ்டர், அந்த வீட்டையும் இடித்து 17 மாடியில் 'அஸ்டோரியா'வைக் கட்டினார். 1897-ல் இரண்டும் இணைக்கப்பட்டன. மறுபடியும் சண்டை வந்தால் இணைப்பு வழிகளை அடைத்துக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு இருந்ததாம்!

இரண்டையும் இணைத்த நீண்ட நடைபாதைக்கு 'மயில் சந்து' என்று ஊரே பெயர் வைத்தது. பட்டும் வைரமுமாக நடந்து போகிறவர்களைப் பார்ப்பதற்கென்றே அங்கே கூட்டம் உட்கார்ந்திருக்கும். கல்யாண மண்டபத்தின் முன்வரிசையை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

1912 ஏப்ரல் 15 அதிகாலை டைட்டானிக் மூழ்கியது. அதில் பயணித்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர், கர்ப்பிணியான தன் 18 வயது மனைவி மேடலினை உயிர்காக்கும் படகில் ஏற்றிவிட்டுக் கப்பலிலேயே நின்றுவிட்டார். ஏப்ரல் 18 இரவு, பிழைத்தவர்களோடு கார்பேதியா கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்தது. மறுநாள் காலையே அமெரிக்க செனட் குழு விசாரணையைத் தொடங்கியது. எங்கே தெரியுமா? இதே வால்டார்ஃப் அஸ்டோரியாவில்! கப்பல் நிறுவனத்தின் தலைவர் புரூஸ் இஸ்மே முதல் சாட்சியாக உட்கார்ந்தார். இறந்தவர்களில் ஒருவர் கட்டிய ஹோட்டலில், உயிரோடு கரை சேர்ந்த முதலாளியிடம் கேள்விகள். ஆஸ்டரின் உடல்கூட அன்று கிடைத்திருக்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் கடலிலிருந்து மீட்கப்பட்டது.

அதன் பிறகு காலம் மாறியது. பணக்காரர்கள் நகரின் வடக்குப் பக்கம் நகர்ந்தார்கள். 1920-ல் வந்த மதுவிலக்கு ஹோட்டலின் வருமானத்தைப் பதம் பார்த்தது. 1929 மே மாதம் கதவுகள் மூடப்பட்டு, சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நினைவுப் பொருள் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. தேனிலவுக்குத் தங்கிய அறையின் சாவியைக் கேட்டவர்களும் உண்டு. அக்டோபரில் இடிப்பு வேலை தொடங்கியது. அதே மாதத்தில்தான் பங்குச்சந்தையும் சரிந்தது. இடிபாடுகளில் பெரும்பகுதியைப் படகுகளில் ஏற்றிப் போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள்.

1931-ல் பார்க் அவென்யூவில் அதே பெயரில் புது ஹோட்டல் திறந்தது. பழைய ஹோட்டலின் விருந்து நிர்வாகி ஆஸ்கர் செர்க்கியும் அங்கே வந்து சேர்ந்தார். உலகம் முழுக்க மெனு கார்டுகளில் இருக்கும் 'வால்டார்ஃப் சாலட்' அவர் பெயரோடு சேர்ந்தது. 1896-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருப்பது ஆப்பிள், செலரி, மயோனைஸ் மட்டும்தான். வால்நட் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.