ஒட்டகத்தைக் கட்டிவிட்டீர்களா?



இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறீர்கள். மழை தூறிக்கொண்டிருக்கிறது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மதிலோரம் வண்டியை நிறுத்திய இடத்தைப் பார்க்கிறீர்கள். மோட்டார் சைக்கிளைக் காணவில்லை! பெற்றோல் வண்டியாக இருந்திருந்தால், திருடன் அதை ஸ்டார்ட் செய்த சத்தமாவது பள்ளிக்குள் இருந்த யாருக்காவது கேட்டிருக்கும். உங்களுடையது மின்சார வண்டி. சத்தமே இல்லாமல் போய்விட்டது.

அப்போதுதான் உங்கள் மகன் சொல்கிறான்: "வாப்பா, பதற வேண்டாம். போனில் பார்க்கலாம்." கைத்தொலைபேசியில் ஒரு வரைபடம் விரிகிறது. அதில் ஒரு சிறு புள்ளி. உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று அந்தப் புள்ளி சொல்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அந்தப் புள்ளி கற்பனையல்ல. அது எப்படி வேலை செய்கிறது? அதை எந்த அளவுக்கு நம்பலாம்? அதைக் கையில் வைத்திருக்கும் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வரிசையில் நின்ற நாட்கள்

2022 ஆம் ஆண்டை நம்மில் யார்தான் மறப்பார்கள்? பெற்றோல் நிலையங்களில் இரவு பகலாக நின்றோம். பின்னர் கியூ.ஆர். முறை வந்தது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் பாதையில் இருக்கும் எஹலியகொட போன்ற ஊர்களில் கடைக்குப் போகவும், பிள்ளையை மதரஸாவில் விடவும், இறப்பர் தோட்டத்துக்குப் போகவும் மோட்டார் சைக்கிளே கால். அந்தக் கால் முடங்கிய நாட்களில்தான் 'மின்சார வண்டி இருந்தால் என்ன?' என்ற எண்ணம் பலருக்கு வந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதல் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது.

நமது அயலிலேயே இதற்கான தொழில் வளர்ந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரு இளைஞர்கள் 2013 இல் தொடங்கிய ஏதர் நிறுவனம், 2018 இல் தனது முதல் ஸ்கூட்டரை விற்பனைக்கு விட்டது. அதன் தொழிற்சாலை தமிழ்நாட்டின் ஓசூரில் இருக்கிறது. 2024 இல் இந்நிறுவனம் இலங்கைச் சந்தைக்கும் வருவதாக அறிவித்தது. டி.வி.எஸ். நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டரும் ஓசூரைச் சேர்ந்ததே. இத்தகைய வண்டிகளைத் தொலைபேசியோடு இணைக்கலாம். நிறுத்திய வண்டியை யாராவது அசைத்தால் எச்சரிக்கை வரும். அது நிற்கும் இடமும் தெரியும்.

புள்ளி எப்படி வருகிறது?

'செட்டலைட் நமது வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது' என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஜி.பி.எஸ். செய்மதிகள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றியபடி நேரத்தையும் தாம் இருக்கும் இடத்தையும் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் வண்டி அவற்றுக்குத் தெரியாது. வண்டியிலுள்ள சிறு கருவி குறைந்தது நான்கு செய்மதிகளின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தைத் தானே கணித்துக்கொள்கிறது.

அடுத்தது செய்தி அனுப்பும் வேலை. வண்டிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கிறது. நாம் தொலைபேசியில் பேசும் அதே கோபுரங்கள் வழியாக அது வண்டியின் இருப்பிடத்தை நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து உங்கள் கைத்தொலைபேசிக்கு வருகிறது. வண்டி நின்றிருக்கும்போது யாராவது அசைத்தாலோ சாய்த்தாலோ அதை உணர இன்னொரு சிறு கருவி உண்டு. நீங்கள் வரைபடத்தில் ஒரு எல்லையைக் குறித்து வைத்தால், வண்டி அதைத் தாண்டும்போதும் செய்தி வரும்.

ஆக, செய்மதி, கோபுரம், நிறுவனத்தின் கணினி, உங்கள் தொலைபேசி என்று நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. ஒரு கண்ணி அறுந்தாலும் புள்ளி நின்றுவிடும். மலைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காமல் அந்தரப்படுவது நமது பகுதி மக்களுக்குப் புதிதல்லவே! திருடன் வண்டியை அப்படியொரு பள்ளத்தில் இறக்கிவிட்டால், கடைசியாகச் செய்தி வந்த இடத்திலேயே புள்ளி உறைந்து நிற்கும். எனவே புள்ளியைப் பார்த்தவுடன், அது எத்தனை மணிக்கு வந்த செய்தி என்பதையும் பார்க்கப் பழகுங்கள்.

ரிமோட் வேறு, இது வேறு

சந்தையில் விலை குறைந்த பல மின்சார வண்டிகளுடன் ஒரு ரிமோட் தருவார்கள். அழுத்தினால் 'கீ கீ' என்று ஒலி எழுப்பும். சக்கரம் உருளாதபடி மோட்டாரை இறுக்கியும் பிடிக்கும். இது நல்லதுதான். ஆனால் இதற்கும் நாம் மேலே கூறிய இணைப்புக்கும் சம்பந்தமில்லை. ரிமோட் சில பத்து மீற்றர் தூரத்துக்கு மட்டுமே வேலை செய்யும். அதைவிட முக்கியமானது, மலிவான பல ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டையே அனுப்புகின்றன. அக்குறியீட்டை ஒருவன் பதிவு செய்துகொண்டால் இன்னொரு ரிமோட் செய்துவிடலாம். விற்பவரிடம், "குறியீடு ஒவ்வொரு முறையும் மாறுமா?" என்று கேளுங்கள்.

தொலைபேசியை அருகில் கொண்டுபோனதும் தானாகத் திறக்கும் ப்ளூடூத் முறையும் குறையற்றதல்ல. உங்கள் தொலைபேசியின் அலையை வாங்கி, தூரத்திலுள்ள வண்டிக்கு அருகில் கடத்திக் காட்டி ஏமாற்ற முடியும் என்பதை 2022 இல் ஆய்வாளர்கள் டெஸ்லா கார் ஒன்றில் செய்து காட்டினார்கள்.

இன்னொன்று: மின்சார வண்டியின் விலையில் பெரும் பங்கு அதன் பெட்டரிக்கே. கழற்றக்கூடிய பெட்டரியாக இருந்தால் திருடன் வண்டியை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துச் செல்வான். அவ்வாறான வண்டியை வைத்திருப்போர் இரவில் பெட்டரியை வீட்டுக்குள் எடுத்து வைப்பது நல்லது. பெட்டரி போன பின்னும் சில மணி நேரம் செய்தி அனுப்ப, உள்ளே ஒரு சிறு மாற்று பெட்டரி இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே கேட்டறியுங்கள்.

கம்பனி போனால் பூட்டும் போகுமா?

நெதர்லாந்தில் 2009 இல் இரு சகோதரர்கள் தொடங்கிய வான்மூஃப் என்ற நிறுவனம், தொலைபேசியால் பூட்டித் திறக்கும் மின்சார சைக்கிள்களை விற்றது. காணாமற்போன சைக்கிளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ஆட்களை வைத்திருந்தது. அப்படிப்பட்ட நிறுவனம் 2023 ஜூலையில் வங்குரோத்தானது. அதன் சைக்கிள்களைத் திறக்கும் இரகசிய இலக்கம் நிறுவனத்தின் கணினியிலிருந்தே தொலைபேசிக்கு வரவேண்டும். கணினி நின்றுவிட்டால் சொந்த சைக்கிளையே திறக்க முடியாமல் போகுமே என்று வாங்கியவர்கள் தவித்தார்கள். போட்டி நிறுவனமான பெல்ஜியத்தின் கௌபோய், அந்த இலக்கத்தை முன்கூட்டியே எடுத்து வைக்க ஒரு செயலியை வெளியிட்டு உதவியது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? இணையம் இல்லாமலும், நிறுவனம் இல்லாமலும், சாதாரணச் சாவியால் இயங்கக்கூடிய வண்டியா என்று பாருங்கள். இச்சேவைக்கு முதல் சில வருடங்களுக்குப் பின் சந்தா உண்டா, எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

தூரத்திலிருந்து நிறுத்தும் கை உங்களுடையதாக மட்டும் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கென்யாவில் எம்-கோபா நிறுவனம் சூரிய மின்விளக்குகளைத் தவணைக்கு வழங்கியபோது, பணம் கட்டத் தவறினால் தூரத்திலிருந்தே விளக்கை நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. பின்னர் மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கும் அது கடன் வழங்கத் தொடங்கியது. தவணைக்கு வண்டி வாங்குவோர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், வட்டி கலந்திருக்கிறதா என்று பார்ப்பது போலவே, வண்டியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

அந்தப் புள்ளியும் ஒரு குடும்பத்தின் மானமும்

இப்போது நாம் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

வண்டி காணாமற்போனது. புள்ளி ஒரு தோட்டத்து லயத்தின் மீது நிற்கிறது. நீங்கள் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போகிறீர்கள். எந்தக் கதவைத் தட்டுவீர்கள்?

திறந்த வெளியில்கூட ஜி.பி.எஸ். கணிப்பில் ஐந்து மீற்றர் அளவு பிசகு இருப்பது சாதாரணம். மரங்களும் மலைச்சரிவும் சுவர்களும் சூழ்ந்த இடத்தில் அது இன்னும் கூடும். லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது அகலம் மூன்று மீற்றர்தான். புள்ளி ஓர் அறையின் மீது நின்றாலும், இந்தப் பக்கம் இரண்டு அறை, அந்தப் பக்கம் இரண்டு அறை என எதுவாகவும் இருக்கலாம். பின்னாலுள்ள இறப்பர் தோட்டமாகவும் இருக்கலாம். காலையில் பால் வெட்டப் போகவேண்டிய ஒரு தொழிலாளியை, அவரது மனைவி மக்கள் முன்னிலையில் நள்ளிரவில் எழுப்பி, "கள்வன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வண்டி வேறிடத்தில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? வண்டிக்குக் காப்புறுதி இருக்கிறது. அந்த மனிதரின் மானத்துக்கு யார் நட்டஈடு கொடுப்பது? சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் ஊர்களில் இத்தகைய ஒரு தவறு அந்த ஒரு வீட்டோடு நின்றுவிடுமா?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்கு ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறான். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்று எச்சரிக்கிறான். வரைபடத்துப் புள்ளியும் ஒரு செய்திதான். எனவே கூட்டமாகப் போகாதீர்கள். 119 க்கு அழையுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பதிவுச் சான்றிதழின் பிரதி, செசி இலக்கம், மோட்டார் இலக்கம், வண்டியின் படம், புள்ளி நின்ற நேரம் ஆகியவற்றைக் கொடுத்து அவர்களைத் தேட விடுங்கள்.

ஓடும் வண்டியை நிறுத்தும் வசதி இருந்தால் அதிலும் நிதானம் தேவை. மழையில் வளைவொன்றில் சென்றுகொண்டிருக்கும் வண்டியின் மோட்டாரைத் திடீரென நிறுத்தினால் ஓர் உயிர் போகலாம். எதிரே பாடசாலைப் பிள்ளை வந்துகொண்டிருக்கலாம். நல்ல வண்டிகள் நின்ற பின்னரே மீண்டும் இயங்காதபடி தடுக்கும். அதுவே போதுமானது.

வீட்டுக்குள் வரும் கண்

இதே அத்தியாயம் துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. வண்டியைக் காக்க வந்த புள்ளி, மகன் வகுப்பு முடிந்து எங்கே நின்றான், மனைவி தாய்வீட்டில் எத்தனை மணிவரை இருந்தார் என்பதையும் காட்டும். சில தகப்பன்மார் இதை ஒரு வசதியாக நினைக்கலாம். மகன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? தன் வாப்பா தன்னிடம் கேட்பதற்குப் பதிலாகப் போனிடம் கேட்கிறார் என்று அறிந்த பிள்ளை, அடுத்த முறை வண்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு நடந்து போகக் கற்றுக்கொள்வான்.

ஆகவே வண்டியில் இவ்வசதி இருப்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். எந்தச் சந்தர்ப்பத்தில் பார்ப்போம் என்பதைச் சேர்ந்து பேசி முடிவெடுங்கள். விபத்தோ தாமதமோ ஏற்பட்டால் பார்ப்பது பொறுப்பு. சும்மா இருக்கும் நேரமெல்லாம் பார்ப்பது சந்தேகம். வண்டியை விற்கும்போது உங்கள் கணக்கை நீக்கிவிடவும் மறக்காதீர்கள். இல்லையேல் இன்னொருவரின் நடமாட்டம் உங்கள் போனில் தெரிந்துகொண்டிருக்கும். தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்க நமது நாட்டில் 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கட்டிவிட்டுத் தவக்குல்

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கலாமா என்று கேட்ட ஒருவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பின்னர் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த சம்பவத்தை நாம் எல்லோரும் ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். செயலி வந்தபின் நாம் செய்யும் தவறு, புள்ளி இருக்கிறதே என்று கயிற்றை மறந்துவிடுவது. புள்ளி, வண்டி போன பிறகு பேசுவது. போகாமல் தடுப்பது இரும்புதான். ஹேண்டிலைப் பூட்டுங்கள். சக்கரத்துக்குள் ஒரு தடித்த சங்கிலியை விட்டுத் தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். பள்ளி நிர்வாகங்கள் முற்றத்தில் நாலைந்து இரும்புக் கம்பிகளைச் சீமெந்தில் நட்டு வைத்தால், தொழ வருவோரின் மனம் தொழுகையில் நிற்கும். அதற்கு ஆகும் செலவும் சொற்பமே.

வல்ல அல்லாஹ் நமது உடைமைகளைக் களவிலிருந்தும், நமது நாவுகளை வீண்பழியிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன்.