ஒரு பேனர், ஒரே ஒரு வேலை

வாக்காளர் தினம், அருங்காட்சியக தினம் என்று வந்துவிட்டால், விழிப்புணர்வு பேனருக்கு நன்கொடை கேட்டு நம் கடைகளுக்குத்தான் முதலில் வருகிறார்கள். கொடுப்பது நல்லதே. கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டா என்று பார்ப்பதும் வியாபாரியின் கடமை.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரிலுள்ள மக்கள் வரலாற்று அருங்காட்சியகம், தொழிற்சங்கங்களும் உரிமை இயக்கங்களும் ஊர்வலங்களில் ஏந்திய துணிப் பதாகைகளைப் பாதுகாத்து வருகிறது. ஓட்டுரிமை கேட்டு அந்நகரப் பெண்கள் 1908-ல் ஏந்திய பதாகையை 2017-ல் வாங்கியது. பொதுமக்களும் அதற்கு நிதி தந்தனர். 1918-ல் அங்கே பெண்களில் ஒரு பகுதியினர் ஓட்டுரிமை பெற்றதன் நூற்றாண்டையொட்டி, 2018-ல் அதைக் காட்சிக்கு வைத்தார்கள்.

பதாகையில் இருப்பது ஊர்ப் பெயர், 'போராட்டத்தில் முதலிடம்' என்ற பொருள் தரும் வாசகம், இயக்கத்தைத் தொடங்கியவர் பெயர், தொடங்கிய ஆண்டு.  நூறாண்டு கழித்தும் யார், எங்கே, எதற்கு என்பது ஒரே பார்வையில் விளங்குகிறது.

இனி நன்கொடை கேட்டு வருவோரிடம் நாம் வலியுறுத்த வேண்டியவை:

1. ஒரு பேனர் ஒரு வேலையை மட்டுமே சொல்ல வேண்டும். 'ஜனநாயகம் காப்போம்' என்பதைப் படித்தவர் என்ன செய்வார்? '18 வயதா? படிவம் 6 கொடுத்துப் பெயர் சேருங்கள்' என்றால் செய்வார்.

2. எந்த இடம், கடைசி நாள் எது என்பது கட்டாயம்.

3. எதிர்ச்சாரியில் நிற்பவர் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். பத்துச் சொல் போதும். நன்கொடையாளர் பெயரும் படமும் பாதி இடத்தை அடைத்தால் அது நமக்கு விளம்பரமே தவிர விழிப்புணர்வு அல்ல. நம் பெயர் கீழே சிறிதாக இருக்கட்டும்.

4. அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் லாரியில் சிக்கி உயிரிழந்ததை மறக்க முடியுமா? சாலையை விட்டு, அனுமதித்த இடத்தில், துணியில் எழுதிக் கட்டலாம். நாள் முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

5. பலனை எண்ண வேண்டும். பேனருக்குக் கீழே, கல்லாப்பெட்டி அருகே படிவங்களை வையுங்கள். எத்தனை போயின என்பதே கணக்கு.

சரக்குக்குக் கணக்குப் பார்க்கும் நாம், பொதுநலத்துக்குக் கொடுக்கும் காசுக்கும் கணக்குப் பார்த்தால் ஊருக்கும் நல்லது, கடைவீதிக்கும் நல்லது.