உங்களுக்குத் தெரியுமா? தலவாக்கலைப் பசளையும் ஈட்டா வர்க்கமும்

● இன்று தலவாக்கலையில் இருக்கும் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் உருவானது. அதே ஆண்டில்தான் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷரின் ‘ஆய்வாளர்களுக்கான புள்ளிவிபர முறைகள்’ நூலும் வந்தது. ‘அனோவா’ என்று இன்று பல்கலைக்கழக மாணவர்கள் முணுமுணுக்கும் மாறற்றிறன் பகுப்பாய்வை உலகமெங்கும் கொண்டுபோனது அந்த நூல்தான்.

● இரண்டையும் இணைத்த ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் பிஷரோடு சேர்ந்து 1927இலும் 1929இலும் பயிர்ப் பரிசோதனைக் கட்டுரைகள் எழுதிய டி. ஈடன், பின்னர் நம் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். தேயிலைப் பரிசோதனைகளில் எவ்வளவு வழு புகுந்துவிடுகிறது என்பதைப் பற்றி 1931இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இலங்கைத் தேயிலைத் துண்டுகளில் அவர் திரட்டிய விளைச்சல் கணக்கு, பிஷர் நூலின் 1932 பதிப்பில் உதாரணமாக ஏறியது. ‘இணைமாறற்றிறன் பகுப்பாய்வு’ என்ற புதிய முறையை பிஷர் விளக்கியது நம் மலைக் கொழுந்தை வைத்துத்தான். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

● தேயிலையில் ஏன் இவ்வளவு வழு? மேட்டுச் செடி வேறு, ஓடையோரச் செடி வேறு. கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம் ஆனது என்பதும் சேர்ந்துகொள்ளும். எந்த நிரையில் கூடை சீக்கிரம் நிறையும் என்று கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

● அனோவா தரும் F எண், “வித்தியாசம் தற்செயலானதா?” என்ற கேள்வியோடு நின்றுவிடும். “எவ்வளவு வித்தியாசம்?” என்பது வேறு கேள்வி. துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் அற்ப வித்தியாசமும் ‘பொருளுள்ளது’ என்று வந்துவிடும். எவ்வளவு என்பதற்கே விளைவின் பருமன் என்ற அளவு. அனோவாவோடு வரும் அத்தகைய அளவுகளில் மூத்தது ஈட்டா வர்க்கம். அதன் வேர் 1905இல் கார்ல் பியர்சன் எழுதிய கட்டுரையில் இருக்கிறது.

● ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மலையை 4 தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 3 பசளை அளவுகளைப் போடுகிறோம். ஆக 12 துண்டுகள். விளைச்சலின் மொத்த வேறுபாடு (வர்க்கங்களின் கூட்டுத்தொகை) 200. அதில் பசளையின் பங்கு 30, தொகுதிகளின் பங்கு, அதாவது மலைச்சரிவின் பங்கு, 110, மீதி 60 வழு. ஈட்டா வர்க்கம் = 30 / 200 = 0.15.

● அதே கணக்கில் மலைச்சரிவை ஒதுக்கிவிட்டு, 30ஐ 30 + 60ஆல் வகுத்தால் 0.33! இதன் பெயர் ‘பகுதி ஈட்டா வர்க்கம்’. செடி அதேதான், பசளையும் அதேதான். வகுக்கும் எண் மட்டும் மாறியது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளின் பழைய பதிப்புகள் இந்தப் பகுதி அளவை வெறும் ‘ஈட்டா வர்க்கம்’ என்றே அச்சிட்டதால், ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் எண்கள் ஊதிப்போய் வெளிவந்தன.

● இன்னும் இருக்கிறது. பசளை ஒன்றுமே செய்யாவிட்டாலும், மேலே சொன்ன பரிசோதனையில் தற்செயலாகவே 20 அளவு பசளையின் கணக்கில் விழும். அதைக் கழித்தால் மிஞ்சுவது 10தான். வகுக்கும் எண்ணிலும் மொத்தம் 200உடன் வழுவின் சராசரி வர்க்கமான 10ஐக் கூட்டுவார்கள். இப்படித் திருத்தியதே ஒமேகா வர்க்கம்: 10 / 210, ஏறத்தாழ 0.05. இதை 1963இல் வில்லியம் ஹேஸ் தன் பாடநூலில் தந்தார். இதன் அண்ணன் முறையான எப்சிலன் வர்க்கம் 1935இலேயே ட்ரூமன் கெல்லி கையால் வந்துவிட்டது.

● ஈட்டா வர்க்கம் 0.01 சிறிது, 0.06 நடுத்தரம், 0.14 பெரிது என்று மனப்பாடம் செய்கிறார்களே, அது ஜேக்கப் கோஹன் உளவியல் போன்ற நடத்தை அறிவியல்களுக்காகச் சொன்ன அளவுகோல். வேறு வழியில்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள் என்று எச்சரித்தவரும் அவரே. நம் கணக்கின் 0.15 இந்தக் கோலில் ‘பெரிது’. ஆனால் F வெறும் 1.5. ஐந்து வீத மட்டத்தைத் தாண்ட 5.14 வேண்டும்!

● ரொதம்ஸ்டெட்டில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் பால் முதலில் விழுந்ததா தேநீரா என்று குடித்தே சொல்வேன் என்றாராம். எட்டுக் கோப்பைகள் வைத்து, நான்கில் பாலை முதலில் ஊற்றினால், எல்லாவற்றையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70இல் 1. பிஷர் 1935இல் எழுதிய பரிசோதனை வடிவமைப்பு நூலின் இரண்டாம் அத்தியாயம் இந்தக் கதையோடுதான் தொடங்கும். ஆனால் அந்த 70இல் 1, அந்தப் பெண்மணியின் நாக்கு எவ்வளவு கூர்மை என்று சொல்லாது. லயத்தில் பிளேன்டீ குடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

● புதிய பசளையைப் புகழ்ந்து ஓர் அறிக்கை கைக்கு வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எதை எதால் வகுத்தீர்கள்? ஹெக்டயருக்கு எத்தனை கிலோ கூடியது?